கண் அழுத்தம் சரி... கண் சரிதானா?



"கண் அழுத்தம் சரியாகத்தான் இருக்கிறது, பயப்பட வேண்டாம்." இப்படி ஒரு சொல் கிடைத்துவிட்டால் போதும், குனோங் ராபாட்டில் வாழும் ஒரு முதியவர் நிம்மதியாக வீடு திரும்பிவிடுவார். அந்த ஓர் எண் எல்லாருக்கும் ஒரே பொருளைத் தருமா என்பதுதான் இன்றைய கேள்வி.

கண்ணின் முன்புறத்தில் கண்ணாடிபோல் இருக்கும் மெல்லிய படலம் கோர்னியா. அதன் தடிப்பு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். கண் அழுத்தத்தை இந்தப் படலத்தை அழுத்தித்தான் அளக்கிறார்கள். கோல்ட்மான் 1950களில் உருவாக்கிய கருவி, படலம் சராசரித் தடிப்பில் இருக்கும் என்ற கணக்கில் அமைந்தது.

பால்மரம் வெட்டி, ரப்பர் சீட்டு அடித்த கைகளுக்கு இது எளிதில் விளங்கும். தடித்த சீட்டும் மெல்லிய சீட்டும் ஒரே விரலுக்கு ஒரே மாதிரி வளைவதில்லை அல்லவா? அதுபோல், படலம் மெல்லியதாகவோ இளகியதாகவோ இருந்தால் கருவி அழுத்தத்தைக் குறைத்துக் காட்டக்கூடும். குளுக்கோமா நோய் ஓசையின்றிப் பார்வை நரம்பை அரித்துக்கொண்டிருக்க, சீட்டில் "சரி" என்று எழுதப்பட்டிருக்கும்.

இந்தக் குறையைப் போக்க வந்ததே படலத்தின் வலிமையை அளக்கும் முறை. 2005 வாக்கில் வந்த ஒரு கருவி, கண்ணில் காற்றை மெல்ல ஊதுகிறது. படலம் உள்ளே வளைந்து மீண்டும் எழுகிறது. வளையும்போது ஓர் அழுத்தம், எழும்போது இன்னோர் அழுத்தம். இந்த வித்தியாசத்தை ஹிஸ்டெரிசிஸ் என்கிறார்கள். அது குறைவாக உள்ளவர்களுக்குக் குளுக்கோமா வேகமாக முற்றும் வாய்ப்பு அதிகம். பின்னர் வந்த கோர்விஸ் கருவி, அந்த அசைவை விநாடிக்கு 4,000க்கும் மேற்பட்ட படங்களாகப் பிடிக்கிறது.

இது முதியோருக்கு மட்டுமன்று. படலம் வலுவிழந்து கூம்புபோல் முன்தள்ளும் கெரட்டோகோனஸ் நோய் இளவயதிலேயே தொடங்குகிறது. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் நடந்து 2000இல் வெளியான ஆய்வு, ஆசிய வம்சாவளியினரிடம் இது வெள்ளையரைவிட ஏறத்தாழ 4 மடங்கு அதிகம் என்றது. கண்ணைக் கசக்கும் பழக்கம் நோயை மோசமாக்கும். லேசிக் சிகிச்சை படலத்தை மேலும் மெல்லியதாக்குவதால், அதற்கு முன் வலிமையைச் சோதிப்பது அவசியம்.

ரப்பரில் கந்தகம் சேர்த்து உறுதியாக்குவதுபோல், ரிபோஃபிளேவின் சொட்டு மருந்தும் புற ஊதாக் கதிரும் கொண்டு படலத்தை இறுக்கும் சிகிச்சை உண்டு. ஜெர்மானிய மருத்துவர்கள் அதன் பலனை 2003இல் வெளியிட்டனர். ஆனால் அது நோய் மேலும் முற்றாமல் தடுக்கவே பெரிதும் உதவும்.

இத்தகைய கருவி எல்லா மருத்துவமனைகளிலும் இருக்காது. படலத்தின் தடிப்பை அளப்பதோ எளிது. எனவே நாற்பது வயதைத் தாண்டியவர்கள், குடும்பத்தில் குளுக்கோமா உள்ளவர்கள், மருத்துவரிடம் இரண்டு கேள்விகள் கேட்கட்டும்: "என் படலத்தின் தடிப்பு எவ்வளவு? பார்வை நரம்பைப் பார்த்தீர்களா?" லேசிக் செய்துகொண்டவர்கள் அதை மறவாமல் சொல்லட்டும்.

குளுக்கோமாவில் போன பார்வை திரும்புவதில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து என்ன பயன்?