பாதைக்கு ஒரு மண்வெட்டி

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

என்னைப் பேச அழைத்தபோது 'அமெரிக்க அனுபவம்' என்று தலைப்புக் கொடுத்தார்கள். விசா, சம்பளம், வீட்டு வாடகை இவற்றைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இந்த அரங்கிலேயே பத்துப் பேராவது இருப்பார்கள். நான் அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் மண்வெட்டி பிடித்த கதையைச் சொல்கிறேன். அதற்கு முன்னால், இங்கே நம் வேப்பந்தட்டையில் நான் செய்த ஒரு தப்பையும் சொல்லியாக வேண்டும். அது இல்லாமல் இந்தக் கதை புரியாது.

2009 நவம்பர் மாதம். நான் மெக்கானிக்கல் இறுதியாண்டு. மூன்று நாள் நல்ல மழை பெய்து, சனிக்கிழமை காலையில் வெறித்திருந்தது. நாங்கள் ஆறு பேர், நான்கு வண்டி. வேப்பந்தட்டைக்கு மேற்கே பச்சைமலை அடிவாரத்துக்குப் போனோம். தார் ரோடு முடிகிற இடத்தில் ஒரு வண்டிப்பாதை மேட்டை நோக்கி ஏறும். இருபக்கமும் மக்காச்சோளம், பருத்தி. ஈரமண்ணில் பின்சக்கரம் வழுக்கிச் சேற்றை வாரி அடிக்கும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதை இங்கே உள்ள மாணவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. யார் முதலில் மேடு ஏறுவது என்று போட்டி. சேறு அதிகமான இடத்தில் பாதையை விட்டு விலகிப் பக்கத்தில் புதுத் தடம் போட்டோம்.

இறங்கும்போது வரப்பில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். திட்டவில்லை. "தம்பி, மழ பேஞ்ச மண்ணு. இப்ப ஓட்டாதீங்கப்பா. தண்ணி இந்தத் தடத்தப் புடிச்சிக்கிட்டு வந்துடும்" என்றார். "சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்துவிட்டோம். அன்று இரவே ஆர்குட்டில் படமும் போட்டாயிற்று. அத்தோடு அதை மறந்தும் போனேன்.

ஐந்து வருடம் கழித்து கலிபோர்னியாவில் வேலை. சான் ஹோசேயிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் ஹோலிஸ்டர் என்ற ஊருக்குப் பக்கத்தில் மலைமேல் ஒரு பூங்கா இருக்கிறது. பூங்கா என்றதும் பூச்செடியும் ஊஞ்சலும் நினைக்க வேண்டாம். மோட்டார் சைக்கிளும் ஜீப்பும் மண்பாதையில் ஓட்டுவதற்கென்றே மாநில அரசு ஒதுக்கி வைத்திருக்கும் இடம். சான் ஆண்ட்ரியாஸ் நிலப்பிளவு அதன் வழியாகத்தான் போகிறது. எனக்குச் சொர்க்கம் கிடைத்த மாதிரி இருந்தது. ஒரு குளிர்காலத்து ஞாயிறு ஆசையோடு போனால், மழை பெய்ததால் பாதை மூடியிருக்கிறது என்று பலகை. எனக்குக் கோபம். காசு கட்டி ஓட்ட வந்தவனை மழையைக் காட்டித் திருப்பி அனுப்புவதா?

வாசலில் ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட ஒரு முதியவர் இருந்தார். பணி ஓய்வு பெற்றவர்; அங்கே தொண்டராக இருக்கிறார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் வண்டி இல்லாமல் வாருங்கள், காரணம் காட்டுகிறேன் என்றார். போனேன். கையில் ஒரு மண்வெட்டியைக் கொடுத்து, முழங்கால் ஆழத்துக்கு அறுத்துப் போயிருந்த ஒரு தடத்தைக் காட்டினார். "இதில் வண்டி போட்டது இரண்டு அங்குலம். மிச்சம் முழுக்கத் தண்ணீர் போட்டது" என்றார்.

நண்பர்களே! எனக்கு அந்த இடத்தில் வரப்பில் நின்ற நம்மூர்ப் பெரியவரின் குரல்தான் கேட்டது. பள்ளிக்கூடம் போனாரோ இல்லையோ, அதே பாடத்தை அவர் எனக்கு ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். நான்தான் கேட்கவில்லை.

இதில் உள்ள விஞ்ஞானம் எளிமையானது. சரிவில் பெய்யும் மழை பரவலாக இறங்கினால் மண்ணுக்கு அவ்வளவு சேதமில்லை. சக்கரத்தடம் ஒன்று கிடைத்துவிட்டால் தண்ணீரெல்லாம் அதில் கூடுகிறது. கூடினால் ஆழம், ஆழமானால் வேகம். நீரியலில் ஒரு பழைய விதி உண்டு: ஓடும் நீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும். அதனால்தான் இந்த வருடம் தடமாக இருப்பது அடுத்த வருடம் வாய்க்காலாகவும், அதற்கடுத்த வருடம் ஓடையாகவும் ஆகிறது. வண்டியைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தேன். மண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாமல்தான் பட்டம் வாங்கியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு மாதம் இரண்டு ஞாயிறு அங்கே போனேன். வேலை இரண்டு வகை. ஒன்று பராமரிப்பு. பாதையைத் தண்ணீர் விழுகிற பக்கம் லேசாகச் சாய்த்து விடுவது, பாதைக்குக் குறுக்கே சாய்வாகத் தாழ்ந்த கரை போட்டுத் தண்ணீரை அங்கங்கே வெளியே இறக்கிவிடுவது, சரிவு கூடக் கூடக் கரைகளை நெருக்கிப் போடுவது. யாராவது விலகிப்போய்ப் புதுத் தடம் போட்டிருந்தால் அதன் வாயில் கிளைகளை வெட்டிப் போட்டு அடைப்பது. நம் ஊரில் முள்ளை வெட்டிப் போடுவோமே, அதே வேலைதான்.

இன்னொன்று ரோந்து. போலீஸ் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். தொண்டர்களுக்கு அபராதம் போடும் அதிகாரம் கிடையாது. இரண்டு இரண்டு பேராகப் போவோம். முதலுதவிப் பெட்டி, கூடுதல் தண்ணீர், வரைபடம் கையில் இருக்கும். தப்பான தடத்தில் வருகிறவரை நிறுத்தினால் முதலில் கேட்கும் கேள்வி, "தண்ணீர் இருக்கிறதா, வழி தெரியுமா?" என்பதுதான். அதற்கப்புறம்தான் மண்ணைப் பற்றிப் பேசுவோம். அடங்காதவர் இருந்தால் வண்டி எண்ணைக் குறித்துக் காவலரிடம் சொல்வோம், அவ்வளவுதான். பத்துப் பேரில் எட்டுப் பேர் தெரியாமல் செய்கிறவர்கள் என்பது என் அனுபவம். 2009-ல் நான் அந்த எட்டில் ஒருவன்கூட இல்லை. பெரியவர் சொல்லியும் கேட்காதவன்.

இந்த ஏற்பாடு அங்கே தானாக வந்துவிடவில்லை. போருக்குப் பின் ஜீப்பும் மோட்டார் சைக்கிளும் பெருகி, காடும் பாலைவனமும் தடங்களால் கிழிந்த பிறகு, 1972-ல் அதிபர் நிக்சன் ஓர் ஆணை போட்டார். பொது நிலத்தில் எங்கே ஓட்டலாம், எங்கே ஓட்டக்கூடாது என்று வரையறுக்க வேண்டும் என்பது அதன் சாரம். 1977-ல் அதிபர் கார்ட்டர் அதைத் திருத்தி, பெரும் சேதம் கண்டால் உடனே மூடிவிட வேண்டும் என்றார். மூடிவிடுவார்கள் என்று தெரிந்த பிறகுதான் ஓட்டுகிறவர்கள் மண்வெட்டியை எடுத்தார்கள்.

ரூபிகான் பாதையை உதாரணமாகச் சொல்லலாம். கலிபோர்னியாவில் டாஹோ ஏரிப் பக்கம் போகும் சுமார் 35 கிலோமீட்டர் பாறைப் பாதை. 1953 முதல் ஜீப் திருவிழா நடக்கும் இடம். உலகம் முழுக்கப் பெயர் பெற்றது. ஆனால் கூட்டம் கூடக் கூட எண்ணெய்க் கசிவு, மனிதக் கழிவு, மழையில் கரைந்து ஓடையில் சேரும் மண் எல்லாம் கூடிப்போய், 2009-ல் அந்த வட்டாரத்து நீர்த்தர வாரியம் கவுண்டி நிர்வாகத்துக்கும் வனத்துறைக்கும் சீர்செய்யும்படி கண்டிப்பான உத்தரவு அனுப்பியது. நாங்கள் இங்கே சேற்றில் ஆட்டம் போட்ட அதே வருடம்! பாதை பிழைத்ததற்கு அதிகாரிகள் மட்டும் காரணமில்லை. ஓட்டுகிறவர்களே 2001-ல் 'ரூபிகானின் நண்பர்கள்' என்று கூடியிருந்தார்கள். கல் சுமந்தார்கள், வடிகால் வெட்டினார்கள், வருகிறவர்களிடம் எடுத்துச் சொன்னார்கள். இன்றும் அந்தப் பாதை திறந்திருக்கிறது.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்ப் பழக்கம்" என்று யாராவது நினைக்கலாம். நம் தாத்தாக்கள் ஏரிக்கும் வாய்க்காலுக்கும் வீட்டுக்கு ஓர் ஆள் என்று போய் மராமத்துச் செய்தார்கள். குடிமராமத்து என்று அதற்குப் பெயர். அந்தப் பழக்கம் தளர்ந்தபோது 1858-ல் வெள்ளைக்கார அரசு சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்திப் பார்த்தது. 2017-ல் தமிழக அரசு அதே பெயரில் திட்டம் கொண்டுவந்தது. தண்ணீர் குடிக்கிறவன் கரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது நமக்குப் புதிதில்லை. பாதையில் போகிறவனுக்கும் அது பொருந்தும் என்பதைத்தான் மறந்துவிட்டோம்.

2022-ல் நான் ஊர் திரும்பினேன். இப்போது திருச்சியில் வேலை. 2024 பொங்கலுக்கு அந்த அடிவாரத்துக்குப் போனேன். பாதை இல்லை. இடுப்பளவுப் பள்ளம்தான் இருந்தது. பெரியவர் காலமாகிவிட்டார். அவர் மகனைப் பார்த்து, "அண்ணே, 2009-ல் மழையில் இங்கே பைக் ஓட்டியதில் நானும் ஒருவன்" என்று சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "நீங்க மட்டும் காரணமில்ல தம்பி. டிராக்டர் போச்சு, டிப்பர் போச்சு. ஆனா அந்த வருசந்தான் மொதல்ல தண்ணி தெச மாறி எங்க கொல்லைக்குள்ள வந்துச்சு. வெங்காயம் போட்டிருந்தோம். மண்ணு மூடிப் போச்சு."

சின்ன வெங்காயத்துக்கு ஒரு குடும்பம் எவ்வளவு போடும் என்று பெரம்பலூர் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் பணம் கொடுக்க முயன்றேன். வாங்க மறுத்துவிட்டார். "பாதைக்கு எதாச்சும் பண்ணுங்க" என்றார்.

ஊராட்சியில் சொல்லி, அது காப்புக்காட்டில் சேராத வண்டிப்பாதைதான் என்று உறுதி செய்துகொண்டு, 2024 செப்டம்பரில் பதினொரு பேர் இறங்கினோம். அன்று பைக் ஓட்டிய ஆறு பேரில் நான்கு பேர் வந்தார்கள். மற்றவர்கள் ஊர்க்காரர்கள். மண்வெட்டி, கடப்பாரை, பாண்டு சட்டி. நான் கலிபோர்னியாவில் படித்த மிடுக்கில் கோணம் பார்த்துக் குறுக்குக் கரை ஏழு போடச் சொன்னேன். அண்ணன் பார்த்துவிட்டு, "தண்ணி விழுற எடத்துல கல்லு பரப்பணும் தம்பி, இல்லாட்டி அங்கேருந்து அறுக்கும்" என்றார். ஐந்து கரைக்குப் பரப்பினோம். கடைசி இரண்டுக்கு நேரமாகிவிட்டது, தேவையில்லை என்று நான் சொல்லிவிட்டேன். ஐப்பசி கார்த்திகை மழை முடிந்து போய்ப் பார்த்தால் ஐந்து கரை நிற்கிறது, இரண்டு இல்லை. எந்த இரண்டு என்று நான் சொல்ல வேண்டுமா? (சிரிப்பு)

அந்த மழைக்காலத்தில் சனி, ஞாயிறுகளில் இரண்டு பேர் பாதையடியில் நின்றோம். ஒருநாள் நான்கு வண்டியில் மாணவர்கள் வந்தார்கள். ஒருவர் பையில் நம் கல்லூரி அடையாள அட்டை. "தம்பி, ஈரம் காயட்டும், அப்புறம் வாங்க" என்றேன். "சரிங்கண்ணா" என்று வண்டியைத் திருப்பினார்கள். போகும்போது சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும். ஒருவர் மட்டும் நின்று, "எதுக்குண்ணா?" என்று கேட்டார். பள்ளத்தைக் காட்டினேன். அடுத்த வாரம் அவர் வந்தார். இப்போது இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கிறார். பெயர் சொன்னால் வெட்கப்படுவார்.

மாணவத் தம்பிகளே! வண்டி ஓட்டாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. எனக்கே அந்த ஆசை இன்னும் விடவில்லை. மூன்றே மூன்று கேட்கிறேன். மழை பெய்த மண்ணில் ஏறாதீர்கள். இருக்கிற தடத்தை விட்டு விலகாதீர்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள்; 1882-ஆம் வருடத்து வனச்சட்டப்படி அது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன எத்தனை இளம் உயிர்கள் போயின என்பதை நாம் மறக்கக்கூடாது. காட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் காப்பாற்றவும் முடியும்.

முன்னாள் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் சங்கம் கட்டடத்துக்கும் உதவித்தொகைக்கும் நிதி திரட்டுகிறது, நல்லது. அதோடு வருடத்தில் இரண்டு ஞாயிறு கொடுங்கள். மழைக்கு முன் செப்டம்பரில் ஒன்று, பொங்கல் முடிந்து ஜனவரியில் ஒன்று. ஆயுதம் ஊரில் கிடைக்கும். நீங்கள் குடிதண்ணீரும் தலைக்குத் துண்டும் கொண்டு வந்தால் போதும். இப்போது அந்தப் பாதையில் இருசக்கர வண்டி போகிறது. டிராக்டர் இன்னும் சுற்றித்தான் போகிறது. இன்னும் பாதி வேலை பாக்கி இருக்கிறது.

அந்தப் பெரியவர் அன்று எங்களைத் தடுத்ததும் ஒரு ரோந்துதான். சட்டையோ அட்டையோ இல்லாமல், வரப்பில் நின்று, தம்பி என்று கூப்பிட்டுச் சொன்னார். அவர் நின்ற இடத்தில் இப்போது நாங்கள் நிற்கிறோம். நீங்களும் வந்து நில்லுங்கள் என்று கேட்டு விடைபெறுகிறேன்.