நடுவயதில் மீண்டும் தேகப்பயிற்சி
(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்னை ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து உழவர்களுக்குத் தேகப்பயிற்சியைப் பற்றிப் பேச நாங்கள் வந்திருப்பதைக் கண்டு உங்களில் சிலர் உள்ளூரச் சிரிக்கலாம். சிரிப்பதில் நியாயமும் உண்டு. விடியுமுன் எழுந்து வரப்பில் நடந்து, மண்வெட்டி பிடித்து, மூட்டை சுமக்கும் மனிதருக்கு, நாற்காலியில் அமர்ந்தே வயிறு பெருத்தவர்கள் வந்து குனிந்து நிமிரக் கற்றுக்கொடுப்பதா? இக்கேள்விக்கு விடை சொல்லிவிட்டே மேலே செல்ல விரும்புகிறோம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு இடங்களில் நடைபெற்ற ஓர் ஆய்வின் முடிவுகள் 2014-இல் வெளிவந்தன. போதிய உடல் உழைப்பு இல்லாதவர்கள் நகர்ப்புறத்தில் நூற்றுக்கு 65 பேர் என்று அது கூறிற்று. இதில் வியப்பில்லை. ஆனால் கிராமப்புறத்தில் நூற்றுக்கு 50 பேர் என்றும் கூறிற்று! இதைப் படித்த பிறகுதான் உங்கள் முன் நின்று பேசலாம் என்ற துணிவு எங்களுக்கு வந்தது.

காரணம் நீங்கள் அறியாததன்று. கமலை போய் மோட்டார் வந்தது. ஏர் போய் டிராக்டர் வந்தது. அரிவாள் பிடித்த கைக்குப் பதிலாக அறுவடை எந்திரம் வயலில் இறங்கிற்று. தேநீர்க் கடைக்குச் செல்வதற்குக்கூட இருசக்கர வண்டி தேவைப்படுகிறது. இவையெல்லாம் வந்ததில் எங்களுக்குச் சிறிதும் வருத்தமில்லை. பழைய உழைப்பு மனிதரை முறித்த உழைப்பு. அது திரும்பி வர வேண்டுமென்று கூறுவோர் அதைச் செய்து பார்த்திருக்கமாட்டார்கள். ஆயினும் உழைப்பு குறைந்த அளவுக்குச் சோறு குறையவில்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நாள் முழுதும் குனிந்து நாற்று நடும் தாய்மார்களுக்கு நாங்கள் சொல்வது ஒன்றுமில்லை. அவர்களுக்கு வேண்டியது ஓய்வும் நல்ல உணவுமே. மற்றவர்களுக்கே இப்பேச்சு.

இனி எங்கள் கதை. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் பெயரைத் தாங்கி, அடையாற்றின் கழிமுகத்தை ஒட்டி அமைந்துள்ளது எங்கள் பகுதி. அங்கே நாங்கள் பதினெட்டுப் பேர் ஒரு மாடிக் கூடத்தை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, வாரம் மூன்று நாள், காலை ஐந்தரை மணிக்குக் கூடுகிறோம். வங்கியில் பணிபுரிவோர், ஆசிரியைகள், தையற்கடைக்காரர், இல்லத்தரசிகள், ஓய்வு பெற்ற ஓவர்சியர் ஒருவர் என்று பலதரப்பட்டவர்கள். எங்களில் இளையவருக்கு நாற்பத்திரண்டு வயது, மூத்தவருக்கு அறுபத்தொன்று.

முதல் நாள் நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். கூடத்தில் ஆறு இடங்கள். ஓரிடத்தில் பஸ்கி, அடுத்ததில் சுவரில் கை ஊன்றித் தண்டால், அடுத்ததில் மணல் மூட்டையைத் தூக்கி வைத்தல், பிறகு படி ஏறி இறங்குதல், கயிறு இழுத்தல், முழங்கையை ஊன்றிப் பலகைபோல் உடலைத் தாங்கி நிற்றல். ஒவ்வோரிடத்திலும் நாற்பது விநாடி பயிற்சி, இருபது விநாடி இளைப்பாறல். இப்படி மூன்று சுற்று. இரண்டாம் சுற்று முடியுமுன்பே எங்களில் பாதிப்பேர் சுவரைப் பற்றிக்கொண்டு நின்றோம். மறுநாள் மாடிப்படி இறங்குவதற்குள் பெற்ற தாயை நினைத்துக்கொண்டோம்.

இம்முறை புதியதன்று. இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்கன், ஆடம்சன் என்னும் இருவர் 1953-இல் உருவாக்கியது. சிறிய கூடத்தில், சில கருவிகளை மட்டும் வைத்துக்கொண்டு, பலர் ஒரே சமயத்தில் பயிற்சி பெற வழி செய்தார்கள். ஒருவர் நாற்பது விநாடியில் இருபது பஸ்கி போடலாம். அடுத்தவர் ஐந்தே போடலாம். இருவரும் அவரவர் வலிமைக்கேற்ப முழு முயற்சி செய்தவர்களே. வலியவரும் எளியவரும் ஒரே வரிசையில் நிற்கக்கூடிய இம்முறை ஊர்ப்பொது இடத்துக்கு மிகவும் ஏற்றது என்பது எங்கள் கருத்து.

நடுவயதில் இது ஏன் வேண்டும்? முப்பது வயதுக்குப்பின் பத்தாண்டுக்கு ஒருமுறை தசையில் நூற்றுக்கு 3 முதல் 8 பங்கு வரை குறைந்துகொண்டே வருகிறது. நாம் உண்ணும் சோற்றிலிருந்து இரத்தத்தில் சேரும் சர்க்கரையைப் பெருமளவில் வாங்கிக்கொள்வது தசைதான். தசை குறைந்து சோம்பிக் கிடந்தால் சர்க்கரை இரத்தத்திலேயே தங்கும். ஆகவேதான் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்போடு, இரண்டு நாளேனும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டுமென்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் கூறிற்று. நடந்தால் மட்டும் போதாது என்பது இதன் பொருள்.

லண்டன் மாநகரின் மாடிப் பேருந்துகளில் பணியாற்றியவர்களை மோரிஸ் என்னும் மருத்துவர் ஆராய்ந்து 1953-இல் வெளியிட்ட முடிவையும் இங்கே குறிப்பிடலாம். நாள் முழுதும் படியேறி இறங்கிய நடத்துநர்களைவிட, உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களுக்கு மாரடைப்பு மிகுதியாக வந்தது. (ஓட்டுநர்களின் காற்சட்டை இடுப்பளவும் பெரிதாக இருந்ததை அவரே பிறகு சீருடைக் கணக்கைப் பார்த்துக் கண்டுபிடித்தார், ஆராய்ச்சியாளரின் பார்வை எங்கெல்லாம் செல்கிறது பாருங்கள்.)

எங்கள் தவறு ஒன்றையும் கூறியாக வேண்டும். தொடக்கத்தில் எங்களுக்கு வாய்த்த பயிற்சியாளர் எவருடைய உடல்நிலையையும் கேட்டறியவில்லை, நாங்களும் கூறவில்லை. இரண்டாம் மாதம் எங்களுக்குள் போட்டி வந்தது. யார் அதிகம் என்று எண்ணத் தொடங்கினோம். ஒருநாள் எங்களில் ஒருவர் மார்பை இறுக்குகிறது என்று தரையில் அமர்ந்துவிட்டார். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்பவர் அவர். நான்கு நாளாக அதை விட்டிருந்தார் என்பது மருத்துவமனையில்தான் தெரிந்தது. நல்லவேளையாக உயிருக்கு ஆபத்தில்லாமல் திரும்பினார். அன்று முதல் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளாமல் எவரையும் சேர்ப்பதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இவற்றைப் பார்த்துக்கொள்ளலாம். பயிற்சியின்போது அளவறிய எளிய வழி ஒன்றுண்டு: பேச முடியும், பாட முடியாது என்றால் உழைப்பு மிதமானது, நாலு சொல் பேசுவதற்குள் மூச்சு முட்டினால் அது கடுமையானது. புதியவர்கள் முதல் சில வாரம் பேசும் நிலையிலேயே நிற்பது நன்று.

பலன் என்ன என்று கேட்பீர்கள். ஓராண்டில் எங்களில் சிலருக்கு எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை. குறையும் என்று வாக்களிப்போரை நம்பவேண்டாம். ஆனால் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழ இப்பொழுது பெரும்பாலோருக்கு முடிகிறது. மூவருக்குச் சர்க்கரை அளவு இறங்கி, மருத்துவர் மாத்திரையைக் குறைத்தார். தாமாக நிறுத்தியவர் எவருமில்லை.

கூட்டாகச் செய்வதில்தான் இரகசியம் இருக்கிறது. தனியே நடக்கிறேன் என்றவர்கள் மார்கழிப் பனியில் போர்வையை விட்டு எழவில்லை. கூட்டத்தில் ஒருவர் வராவிட்டால் அடுத்தவர் வீட்டு வாசலில் வந்து அழைக்கிறார். அந்த வெட்கத்துக்காகவே எழுந்தோம்.

சென்னைத் திருமங்கலத்தில் ஆசியாடு குடியிருப்பு என்று ஒன்றுண்டு. நீரிழிவு ஆய்வுக்காக மருத்துவர்கள் 1990-களின் பிற்பகுதியில் அங்கே சென்று, வீடுவீடாக விளக்கம் கூறினார்கள். மக்கள் தங்கள் பணத்தைத் திரட்டித் தாங்களே ஒரு பூங்கா அமைத்தார்கள். முன்பு வாரத்தில் மூன்று தடவைக்கு மேல் பயிற்சி செய்தவர்கள் நூற்றுக்கு 14.2 பேர், பின்னர் அது 58.7 பேராயிற்று. மருத்துவர் மோகனும் உடன் பணியாற்றியோரும் 2006-இல் இதை வெளியிட்டார்கள்.

பல ஊராட்சிகளில் உடற்பயிற்சிக் கூடம் கட்டிப் பூட்டிக் கிடப்பதை நாங்கள் கண்டிருக்கிறோம். சாவி யாரிடம் என்றால் பதில் இல்லை. இருசாராரும் வரக்கூடிய நேரம், தாய்மார்களுக்குத் தனி நேரம், போகும் வழியில் எரியும் தெருவிளக்கு, சாவிக்குப் பொறுப்பாளர் ஒருவர்: இந்நான்கையும் அடுத்த கிராம சபையில் வைத்து முடிவு செய்யலாம். கருவிக்குச் செலவு பெரிதில்லை. கோணியில் ஐந்து கிலோ மணல், பழைய டிராக்டர் டயர், கிணற்றுக் கயிறு இருந்தால் தொடங்கிவிடலாம்.

பேச்சு போதும். நாற்காலிகளைச் சற்று ஒதுக்கிவிடுங்கள். நாங்கள் முன்னே நிற்கிறோம். எல்லாரும் பத்துப் பஸ்கி போட்டுப் பார்ப்போம். முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தால் போதும். தலைவர் அவர்கள் எண்ணிக்கை சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.