மகள் வீட்டில் நான் மைனா ஆகவில்லை



"பிள்ளைகளுக்காக வெளிநாட்டில் நெடுநாள் தங்கும் பெற்றோர் இழப்பது அதிகமா, பெறுவது அதிகமா?" இதுதான் தலைப்பு. எதிரணி நண்பர் என்ன சொன்னார்? "நாங்க கூண்டுக்கிளிங்க, சம்பளமில்லாத ஆயாங்க"ன்னு சொல்லிக் கைதட்டல் வாங்கிட்டார். ஐயா, ஆயா வேலை நானும் பார்த்தவதான்! (சிரிப்பு) ஆஸ்திரேலியாவில், மெல்போர்ன் நகரத்தில், மகளின் பிரசவத்துக்காகப் பதினோரு மாதம் இருந்தேன்.

இழப்பே இல்லை என்று சொல்லமாட்டேன். நான் அங்கே இருந்தபோதுதான் எங்க அக்கா காலமானார். முகத்தை போனில்தான் பார்த்தேன். காலை எட்டு மணிக்கு மகளும் மாப்பிள்ளையும் கிளம்பிவிட்டால் தெருவில் ஒரு ஈ காக்கை கிடையாது. நானும் குழந்தையும் சுவர்க்கடிகாரமும்தான். ஆனால் ஈ காக்கை இல்லை என்றேனே, அது முதல் இரண்டு வாரத்துக்குத்தான். அப்புறம் மூன்று பேர் எனக்குப் பாடம் நடத்த வந்தாங்க.

முதல் வாத்தியார் மேக்பை. நம்ம ஊர்க் காக்கைக்கு வெள்ளைத் துண்டு போட்ட மாதிரி இருக்கும். புல்லாங்குழல் மாதிரி பாடும். அங்கே செப்டம்பரில் வசந்தம். அது குஞ்சு பொரிக்கும் காலம். கூட்டுக்குப் பக்கத்தில் போனால் ஆண் பறவை பின்னாலிருந்து தலையைக் குறிவைத்துப் பாயும். எல்லாம் அப்படி இல்லை. ஆண்களில் பத்தில் ஒன்றுகூட இதைச் செய்யாது. சைக்கிளில் போகிறவர்கள் ஹெல்மெட்டில் பிளாஸ்டிக் குச்சிகளைச் செருகிக்கொண்டு முள்ளம்பன்றி மாதிரி போவாங்க! (சிரிப்பு) நகராட்சி என்ன செய்கிறது? "பறவை பாயும், கவனம்" என்று பலகை வைக்கிறது. ஆறு வாரம் மனிதன் வேறு தெருவில் சுற்றிப் போகிறான். அந்தப் பறவை மனித முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுமாம். நானும் தள்ளுவண்டியோடு அடுத்த தெரு வழியாகவே பூங்காவுக்குப் போனேன். அடுத்தவன் கூட்டுக்கு மரியாதை கொடுத்துச் சுற்றிப் போ. இது முதல் பாடம்.

இரண்டாவது வாத்தியார் ராத்திரி வகுப்பு. கூரை மேல் திடும் திடும் என்று யாரோ நடக்கிற சத்தம். திருடன் என்று நினைத்தால், பூனை அளவில், புசுபுசு வாலோடு, முதுகில் குட்டியைச் சுமந்துகொண்டு ஒரு பாசம்! கங்காரு மாதிரி வயிற்றுப் பையில் குட்டி வளர்க்கிற இனம். "பிடித்துக் கொண்டுபோய்க் காட்டில் விட்டுடுங்க மாப்பிள்ளை" என்றேன். "சட்டம் விடாது அத்தை" என்றார். அந்த மாநிலத்தில் அதைப் பிடித்தாலும், பிடித்த இடத்திலிருந்து 50 மீட்டருக்குள் அதே மனையிலேயே விடவேண்டும். ஏன்? அது மரப்பொந்தில் வாழ்கிற பிராணி. யூகலிப்டஸ் மரத்தில் நல்ல பொந்து விழ நூறு வருஷத்துக்கு மேல் ஆகும். மரத்தை வெட்டியவன் மனிதன். வீடிழந்த அது கூரைக்கு வந்தது. மாப்பிள்ளை மரத்தில் ஒரு பெட்டி கட்டினார். அதுவும் குட்டியும் இரை தேடி வெளியே போன ராத்திரி கூரை ஓட்டையை அடைத்தார். யாரையும் வெளியேற்றுவதற்கு முன்னால் மாற்று இடம் கொடு. இது இரண்டாவது பாடம். (கைதட்டல்)

மூன்றாவது வாத்தியார்தான் என்னை உலுக்கியவர். ஒருநாள் தோட்டத்தில் பழக்கமான குரல். பார்த்தால் நம்ம மைனா! மஞ்சள் மூக்கும் மஞ்சள் காலும், பார்த்ததும் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பாட்டி முகம் சுளித்தார். காரணம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். 1862-இல் காய்கறித் தோட்டப் பூச்சிகளைத் தின்னட்டும் என்று மெல்போர்னுக்குக் கொண்டுவந்த பறவை அது. பெருகியது. உள்ளூர்க் கிளிகளின் பொந்துகளைப் பிடித்துக்கொண்டது. முட்டைகளைத் தள்ளிவிட்டது. 2000-இல் உலகின் மிக மோசமான 100 ஊடுருவி உயிரினங்களின் பட்டியலில் நம்ம மைனா பெயர் ஏறிவிட்டது. மைனா மேல் தப்பில்லை நடுவர் அவர்களே. அதைக் கூண்டில் அடைத்துக் கப்பல் ஏற்றியது மனிதன். அதற்கு யோசிக்கத் தெரியாது. எனக்குத் தெரியுமே!

அன்றைக்கு ராத்திரி மகள் வீட்டு அடுப்படியில் நின்று யோசித்தேன். நானும் உதவிக்கு வந்தவள்தான். கொஞ்சம் கொஞ்சமாக மிளகாய்த்தூள் டப்பாவை என் இஷ்டத்துக்கு மாற்றி, குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதில் சட்டம் போட்டு, மாப்பிள்ளை உட்காருகிற நாற்காலியில் நான் உட்கார்ந்து... வேண்டாம் தாயே! இது அவங்க ரெண்டு பேரும் குச்சி குச்சியாகச் சேர்த்துக் கட்டிய கூடு. இங்கே நான் மைனா ஆகக்கூடாது என்று முடிவு பண்ணினேன். (பலத்த கைதட்டல்) கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டால் குழந்தையைக் கொஞ்சுவேன். கிளம்பும்போது மகள் விமான நிலையத்தில் சொன்னாள்: "அம்மா, இன்னும் ஆறு மாசம் இருந்துட்டுப் போயேன்." எத்தனை தாய்க்கு ஐயா இந்த வார்த்தை கிடைக்கும்? (கைதட்டல்)

எதிரணி நண்பரே, கூண்டுக்கிளி என்றீர்கள். ஜன்னலைத் திறந்து பார்த்தால் அது கூண்டு இல்லை, பள்ளிக்கூடம். அக்கா முகத்தை நேரில் பார்க்காத இழப்பு என் ஆயுசுக்கும் இருக்கும். ஆனால் பெற்ற மகளுக்கு நல்ல விருந்தாளியாக இருக்கும் பக்குவத்தை அறுபது வயசில் அந்த ஊர் எனக்குக் கொடுத்தது. ஆகவே பெறுவதே அதிகம், அதிகம் என்று தீர்ப்பளிக்குமாறு கேட்டு விடைபெறுகிறேன்.