குடிப்பவனை ஒதுக்கினால் குடி ஒதுங்குமா?

(திருச்செந்தூரில் ஆற்றிய உரை)



'நம் சமுதாயத்தில் குடி இல்லை' என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். பக்கத்துக் காயல்பட்டினத்தில் மதுக்கடை கிடையாது. நல்லது, அது காக்கப்பட வேண்டும். ஆனால் ஊருக்குள் கடை இல்லையென்றால் பஸ் ஏறிப் போகத் தெரியாதா? 2003 முதல் சில்லறை மது விற்பனையை அரசின் டாஸ்மாக் நிறுவனமே நடத்துகிறது. 21 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது என்பது விதி. பையன்கள் கைக்குப் பாட்டில் எப்படி வருகிறது என்பதை நீங்களே அறிவீர்கள்!

அவன் ஏன் குடிக்கிறான்? ருசிக்காக அல்ல, முதல் மிடறு கசக்கத்தான் செய்யும். 'நீ ஆம்பளையா?' என்று கூட்டாளிகள் கேட்கிறார்கள். அந்த வயதில் அந்தக் கேள்வியைத் தாங்க முடிவதில்லை. பின்விளைவை எண்ணிப் பார்க்கும் மூளையின் முன்பகுதி முழு வளர்ச்சி பெற ஏறக்குறைய 25 வயதாகிறது. அதற்குமுன் பிடித்த பழக்கம் ஆழமாக வேரோடிவிடுகிறது.

பெரியவர்கள் கதை வேறு. இரவெல்லாம் வலை இழுத்தவருக்கு உடல்வலி, கடன்பட்டவருக்குத் தூக்கமில்லை, வெளிநாட்டு வேலை போய்த் திரும்பியவருக்கு ஊரார் முகத்தில் விழிக்கக் கூச்சம். குடித்தால் கொஞ்சநேரம் மறக்கிறது. 'இதுதான் மருந்து' என்று மனம் கற்றுக்கொள்கிறது. ஆனால் மது தூக்கத்தைக் கெடுக்கும். போதை இறங்கும்போது பதற்றம் கூடும். அதைத் தணிக்க மீண்டும் குடி. நாளாக நாளாக அளவும் ஏறும்.

இந்த நிலையில் நாம் அவனை ஒதுக்கி வைக்கிறோம். குடும்பப் பெயர் கெடுமென்று வீட்டார் மறைக்கிறார்கள். வெட்கம் தாளாமல் அவன் இன்னும் குடிக்கிறான். குடித்து வந்தவரைச் சிலர் சபித்தபோது நபி(ஸல்) அவர்கள் தடுத்தார்களே! தண்டனை இருந்தது, சாபம் இல்லை. மதுவிலக்கும் ஒரே நாளில் வரவில்லை. தீமையே பெரிது என்று முதலில் உணர்த்தி, போதையோடு தொழுகையை நெருங்கக் கூடாதென்று பிறகு தடுத்து, கடைசியில்தான் அறவே விலக்கப்பட்டது. மனித மனம் அறிந்த முறை அது.

ஜமாஅத் நிர்வாகிகளே! நெடுநாள் குடித்தவரை அறையில் பூட்டித் திருத்தப் பார்க்காதீர்கள். திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம், உயிரே போகலாம். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். கூட ஒருவர் போங்கள். 2022 முதல் 14416 என்ற அரசின் மனநல உதவி எண் இயங்குகிறது. இரவிலும் பேசலாம், கட்டணமில்லை. குடிப்பவர் மறுத்தால் அவருடைய தாயோ மனைவியோ பேசலாம். இந்த எண்ணைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள்.