ஜாக் ஜான்சனும் ‘தகுதி’ என்ற சொல்லும்



குத்துச்சண்டை என்றதும் முகமது அலியைத்தான் எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேசப்போவது அவருக்கு அரை நூற்றாண்டு முந்தையவரான ஜாக் ஜான்சனைப் பற்றி. 1878இல் டெக்சாஸின் கால்வெஸ்டன் நகரில் பிறந்தவர். பெற்றோர் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள்.

அன்று அமெரிக்காவில் ஒரு கறுப்பர் வெள்ளையரோடு மோதலாம். ஆனால், உலக ஹெவிவெயிட் பட்டத்துக்கு மோத முடியாது. அப்படிச் சட்டம் எதுவும் இல்லை. வெள்ளை சாம்பியன்கள் மறுத்தார்கள், அது போதுமானதாக இருந்தது. 1903இல் ஜான்சன் வென்றது ‘கறுப்பினத்தவருக்கான’ உலகப் பட்டம். தனிக் குவளைபோல ஒரு தனிப் பட்டம்.

அவர் எப்படிச் சண்டையிட்டார்? 1901இல் ஜோ சோயின்ஸ்கி என்ற அனுபவசாலியான யூத வீரர் அவரை மூன்றாவது ரவுண்டில் வீழ்த்தினார். சட்டவிரோதப் போட்டி என்று இருவரையும் சிறையில் அடைத்தார்கள். மூன்று வாரத்துக்கு மேல் உள்ளே இருந்தார்கள். அங்கே சோயின்ஸ்கியிடமே ஜான்சன் பாடம் கற்றார்.

பிறகு அவரை அடிப்பது பெரும்பாடாகிவிட்டது. வருகிற குத்தை விரித்த கையால் தடுப்பார். உடலைப் பின்னுக்குச் சாய்த்து அடியை வீணாக்குவார். நெருங்கினால் எதிராளியின் மேற்கையைப் பிடித்து முடக்கிவிட்டு, கீழிருந்து தாடைக்குக் குத்துவார். இதற்கு நடுவே பார்வையாளர்களோடு சிரித்துப் பேசுவார்.

இதே தற்காப்பு முறையில் ஆடிய வெள்ளையர் ஜிம் கார்பெட்டை ‘அறிவியல் வீரர்’ என்று கொண்டாடினார்கள். ஜான்சன் செய்தால் சோம்பேறித்தனம், கோழைத்தனம். தகுதி என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். ஆட்டம் ஒன்றுதான், யார் ஆடுகிறார் என்று பார்த்துப் பெயர் வைக்கிறார்கள்.

1908 டிசம்பர் 26. டாமி பர்ன்ஸைத் துரத்திக்கொண்டு ஜான்சன் சிட்னி வரை போனார். பர்ன்ஸுக்கு 30,000 டாலர், ஜான்சனுக்கு 5,000. பதினான்காவது ரவுண்டில் போலீஸ் போட்டியை நிறுத்தியது. வெள்ளையர் வீழ்வது பதிவாகக் கூடாதென்று கேமராவும் நின்றது. பட்டம் ஜான்சனுக்கு.

ஓய்விலிருந்த ஜெஃப்ரிஸை வெள்ளையரின் மானம் காக்க அழைத்து வந்தார்கள். 1910 ஜூலை 4, ரீனோ நகரம். ஜெஃப்ரிஸ் பக்கம் நின்று ஜான்சனை இழிவாகப் பேசிக்கொண்டிருந்தவர் அதே கார்பெட். ஜான்சன் சிரித்துப் பதில் சொல்லிக்கொண்டே பதினைந்தாவது ரவுண்டில் ஆட்டத்தை முடித்தார். அன்றிரவு பல நகரங்களில் கறுப்பின மக்கள் தாக்கப்பட்டார்கள், கொல்லப்பட்டார்கள். 1912இல் குத்துச்சண்டைப் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்லத் தடைச் சட்டம் வந்தது. 1913இல், வெள்ளைப் பெண்ணோடு அவருக்கிருந்த உறவைக் காட்டி, வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. ‘மன்னிப்பு’ வந்தது 2018இல். அவர் இறந்து 72 ஆண்டுகளுக்குப் பிறகு.

இங்கே நிறுத்தினால் கைதட்டலாம். ஆனால், இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சாம்பியனான பிறகு ஜான்சன், சாம் லாங்ஃபோர்ட், ஜோ ஜெனெட் போன்ற வலுவான கறுப்பு வீரர்களுக்குப் பட்ட வாய்ப்பைத் தரவில்லை. வெள்ளையரோடு மோதினால்தான் பெரும்பணம் என்ற சந்தைக் கணக்கும் அதில் உண்டு. லாங்ஃபோர்டுக்குக் கடைசிவரை உலக ஹெவிவெயிட் பட்டப் போட்டி கிடைக்கவே இல்லை.

ஜான்சனைக் கொண்டாடுவோம். லாங்ஃபோர்டின் பெயரையும் சேர்த்தே சொல்வோம். நம்மில் ஒருவர் உள்ளே போய்விட்டார் என்று மகிழும் நாளில், அடுத்தவருக்குக் கதவு திறந்திருக்கிறதா என்றும் கேட்போம்.