இரு வாயில் இணையம்



மாணவர் விடுதி ஒன்றில் இரண்டு இணைய இணைப்புகள் இருப்பின், ஒன்று கெட்டால் மற்றொன்று கைகொடுக்கும் என நம்புகிறோம். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளில் அந்நம்பிக்கை பொய்க்குமாயின், நம் பிள்ளைகள் ஓராண்டு உதவித்தொகையையே இழக்க நேரும். ஆதலின், இரு இணைப்புகளையும் ஆளும் ரூட்டரை அமைக்கும் முறையை எடுத்துரைக்க விழைகிறோம்.

ரூட்டரிடம் வழிப்பட்டியல் ஒன்று உண்டு. அதில் தனி வழி குறிக்கப்படாத முகவரிகளுக்கெல்லாம் 'டிபால்ட் ரூட்' என்னும் பொது வழியே கதி. அவ்வழி சுட்டும் அடுத்த கருவியே கேட்வே. அதனை வாயில் என்போம். பொது வழிகள் இரண்டு இருப்பின், 'மெட்ரிக்' என்னும் எண் எதற்குக் குறைவோ அதுவே முந்தும். ஒளியிழை இணைப்புக்கு 100, சிம் இணைப்புக்கு 200 என இட்டால், சிம் காத்திருக்கும்.

இத்துடன் பணி முடிந்ததெனப் பலர் எழுந்துவிடுகின்றனர். இடரே இங்குதான் தொடங்குகிறது. சாலையில் பள்ளம் தோண்டுவோர் ஒளியிழையை அறுத்துவிட்டாலும், அறையிலுள்ள மோடம் உயிரோடுதான் இருக்கும். ரூட்டருக்கும் மோடத்துக்கும் இடையே குறையேதும் இல்லை. எனவே ரூட்டர் செத்த வழியிலேயே செய்திகளை அனுப்பிக்கொண்டிருக்கும். இதனைத் தவிர்க்க, 8.8.8.8, 1.1.1.1 போன்ற தொலை முகவரிகளைச் சில நொடிகளுக்கு ஒருமுறை 'பிங்' செய்து பார்க்குமாறு ரூட்டரைப் பணித்தல் வேண்டும். இரண்டுமே தொடர்ந்து மறுமொழி தாராவிடில் அப்பொது வழி நீக்கப்பட வேண்டும். அச்சோதனை ஒளியிழை வழியாகவே செல்லுமாறு கட்டிவைப்பது இன்றியமையாதது. இல்லையேல் அது சிம் வழியே சென்று வெற்றி பெறும். அறுந்த இழை பிழைத்துவிட்டதென ரூட்டர் மயங்கி, இரு வாயில்களுக்கும் இடையே ஊசலாடும்.

இரண்டையும் ஒருங்கே பயன்படுத்த விரும்பினால், வாயில்தோறும் தனிப் பட்டியல் வேண்டும். புறப்படும் முகவரியைக் கண்டு பட்டியலைத் தேரும் விதியும் வேண்டும். லினக்ஸில் இதற்கு 'ஐபி ரூல்' என்னும் கட்டளை உண்டு. ஒரு நிறுவனம் தந்த முகவரியைத் தாங்கிய செய்தி, வேறொரு நிறுவனத்தின் இணைப்பில் நுழைந்தால் வழியிலேயே வீசப்படலாம். 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆர்.எஃப்.சி. 2827 அவ்வாறு வடிகட்டுமாறே அறிவுறுத்துகிறது. விண்ணப்பத்தின் நடுவில் வாயில் மாறினால், இணையதளம் மாணவரை வெளியேற்றிவிடவும் கூடும். ஆகவே ஒருவரது தொடர்பை ஒரே வாயிலில் நிறுத்துதல் நன்று.

இரு கம்பிகளும் ஒரே கம்பத்தில் வருமாயின், அவற்றை இரண்டெனக் கொள்ளற்க. ரூட்டரிலிருந்து கம்பியைப் பிடுங்கிப் பார்ப்பது சோதனையாகாது. மோடத்தை எரியவிட்டு, வெளியிலிருந்து அதற்கு வரும் ஒளியிழையைக் கழற்றிப் பார்த்தல் வேண்டும் (கழற்றிய நுனியைக் கண்ணருகே கொண்டு செல்லற்க!). அதனை விண்ணப்பக் காலம் தொடங்குமுன்பே செய்துவிட வேண்டும்.