பேப்பர் முன்னாடியே வந்தது. அதை நிரூபிப்பது எப்படி?

கடல்சார் பொறியியல் படிக்கிற ஒரு நேயர் கேட்ட கேள்விதான் இந்தப் பகுதிக்குக் காரணம். "எதிரே வர்ற கப்பலைப் பார்த்து ஒரு கப்பல் தானாகவே விலகிப் போறதைப் பற்றி இருபது வருஷம் முன்னாடியே ஆராய்ச்சிக் கட்டுரை இருக்கு. அப்புறம் எப்படி சார் இப்போ ஒரு கம்பெனிக்குப் பேட்டண்ட் கிடைக்குது? கிடைச்சாலும், அந்தக் கட்டுரையை எடுத்து நீட்டினா முடிஞ்சு போயிடாதா?"

நீட்டினால் மட்டும் முடியாது. என் வேலையே இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்றேன். ஒரு பேட்டண்டைக் கையில் கொடுத்து, "இதை இவங்களுக்கு முன்னாடி யாராவது செஞ்சிருக்காங்களா, தேடிக் கொடுங்க" என்பார்கள். தேடிக் கண்டுபிடிப்பது பாதி வேலை. கண்டுபிடித்தது அந்தத் தேதிக்கு முன்பே பொதுமக்கள் கைக்கு எட்டியது என்று நிரூபிப்பது மீதிப் பாதி. ஆட்கள் தடுக்கி விழுவது இந்த இரண்டாவது பாதியில்தான்.

ஒரு வார்த்தை விளக்கம். தமிழில் 'காப்புரிமை' என்று எழுதினால் காப்பிரைட்டா பேட்டண்டா என்று தெரிவதில்லை. அதனால் இங்கே பேட்டண்ட் என்றே சொல்றேன். முன்பே வெளியான கட்டுரை, ஆய்வேடு, பழைய பேட்டண்ட் எல்லாவற்றையும் சேர்த்து வக்கீல்கள் 'ப்ரையர் ஆர்ட்' என்பார்கள். நமக்கு 'முன் சான்று' போதும்.

கப்பலைத் தானாக ஓட்டும் யோசனை ரொம்பப் பழையது. நிக்கோலஸ் மினார்ஸ்கி 1922-லேயே அமெரிக்கக் கடற்படைப் பொறியாளர் சங்கத்தின் இதழில், தானாகத் திசை பிடிக்கும் கப்பல்களைப் பற்றிக் கணிதத்தோடு எழுதிவிட்டார். அனுபவமுள்ள சுக்கான்காரர் எப்படி யோசிக்கிறார் என்பதிலிருந்து ஆரம்பித்தார். திசை எவ்வளவு விலகியிருக்கிறது, எவ்வளவு வேகமாக விலகுகிறது, இதுவரை சேர்ந்த பிழை எவ்வளவு? இன்று தொழிற்சாலை முழுக்க ஓடுகிற பிஐடி கட்டுப்பாட்டின் கணக்கு அந்தக் கட்டுரையில் இருக்கிறது. 1923-ல் 'நியூ மெக்சிகோ' என்ற போர்க்கப்பலில் அதைச் சோதித்தும் பார்த்தார்கள்.

எதிர்க் கப்பலுக்கு வழிவிடுவதன் இன்றைய விதிகளோ 1972-ல் உருவானவை. கடல்காரர்கள் 'கோல்ரெக்' என்பார்கள். நேருக்கு நேர் வந்தால் இரண்டு கப்பலும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். குறுக்கே வந்தால், எதிராளியைத் தன் வலப்பக்கம் வைத்திருப்பவர் வழிவிட வேண்டும். இந்த விதிகளைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆராய்ச்சியும் புதிதல்ல. எம்ஐடி-யைச் சேர்ந்த பெஞ்சமினும் கர்சியோவும் 2004-லேயே, கோல்ரெக் விதிப்படி செல்லும் ஆளில்லா நீர்க்கலன்கள் பற்றி ஒரு ஐட்ரிபிள்ஈ மாநாட்டில் கட்டுரை கொடுத்துவிட்டார்கள். கயாக் என்கிற சின்னப் படகுகளில் கம்ப்யூட்டரை ஏற்றி, நிஜத் தண்ணீரில் விட்டார்கள்.

அப்போ பிரச்சினை எங்கே? பேட்டண்டைப் படிக்கும் விதத்தில். பேட்டண்டின் தலைப்பையோ படத்தையோ வைத்து யாரும் வழக்காடுவதில்லை. கடைசியில் எண் போட்டு இருக்கும் 'க்ளெய்ம்' என்ற நீளமான வாக்கியங்கள்தான் வேலியின் எல்லை. உதாரணத்துக்கு நானே ஒன்று கட்டிச் சொல்றேன். ரேடாரிலிருந்தும் ஏஐஎஸ் கருவியிலிருந்தும் எதிர்க் கப்பலின் இடத்தையும் வேகத்தையும் எடுப்பது. இரண்டும் எவ்வளவு நெருங்கும் என்று கணிப்பது. அந்தத் தூரம் ஒரு அளவுக்குக் கீழே போனால் எந்தக் கோல்ரெக் விதி பொருந்தும் என்று முடிவு செய்வது. புதிய திசையை ஆட்டோபைலட்டுக்குக் கொடுப்பது. ஆபத்து நீங்கியதும் பழைய பாதைக்குத் திரும்புவது. மொத்தம் ஐந்து துண்டு.

புதுமையே இல்லை என்று அடித்துச் சொல்ல, இந்த ஐந்தும் ஒரே ஆவணத்தில் இருக்க வேண்டும். என் அனுபவத்தில் ஆராய்ச்சிக் கட்டுரைகள் கைவிடுவது கடைசித் துண்டில்தான். எப்படி விலகுவது என்று பத்துப் பக்கம் எழுதுவார்கள். பழைய பாதைக்கு எப்படித் திரும்புவது என்பது எழுதியவருக்கு எழுதத் தேவையே இல்லாத சாதாரண விஷயம். எதிர்த் தரப்பு வக்கீலுக்கு அந்த மௌனம் போதும். அப்போது இரண்டு கட்டுரைகளைச் சேர்த்து, "இந்தத் துறையில் சாதாரணத் திறமை உள்ளவருக்கே இது தோன்றியிருக்கும்" என்று வேறொரு வாதம் வைக்க வேண்டும். அது கஷ்டமான, செலவு பிடிக்கும் வாதம்.

சரி, ஐந்து துண்டும் இருக்கிற கட்டுரை கிடைத்துவிட்டது என்றே வெச்சுக்குங்க. அடுத்து தேதி. நாசாவின் ஜெட் ப்ரொபல்ஷன் லேபைச் சேர்ந்த குவாட்டாவும் சகாக்களும் செய்த வேலை ஒன்று உண்டு. கோல்ரெக் விதிகளை 'வெலாசிட்டி ஆப்ஸ்டக்கிள்' என்ற முறையோடு இணைத்தார்கள். எந்தெந்த வேகமும் திசையும் மோதலில் முடியும் என்று முதலில் கழித்துக்கட்டும் முறை அது. மாநாட்டுக் கட்டுரையாக வந்தது 2011-ல். விரிந்த வடிவம் ஐட்ரிபிள்ஈ-யின் கடல் பொறியியல் இதழில் 2014 ஜனவரி தேதியோடு அச்சானது. கூகுளில் தேடினால் பலருக்கு முதலில் கண்ணில் படுவது இதழில் வந்ததுதான். எதிர்த் தரப்பின் பேட்டண்ட் 2012-ல் விண்ணப்பித்தது என்றால், இதழ்க் கட்டுரை குப்பைக்குப் போகும், மாநாட்டுக் கட்டுரை வழக்கையே திருப்பிவிடும். ஆனால் இரண்டும் ஒரே கட்டுரை அல்ல. 2014-ல் சேர்த்த ஒரு பத்தியை 2011 கணக்கில் எழுத முடியாது.

இன்னொரு தலைவலி இணையப் பக்கத்தில் தெரியும் தேதி. ஐஃபாக் என்ற கட்டுப்பாட்டியல் அமைப்பின் பழைய மாநாட்டுத் தொகுதிகள் பல ஆண்டுகள் கழித்துத்தான் சயின்ஸ்டைரக்ட் தளத்தில் ஏறின. 2003-ல் ஸ்பெயினின் ஜிரோனா நகர மாநாட்டில் ஃபோசன், பிரேவிக், ஷெட்னே மூவரும் கொடுத்த பாதை பின்தொடர்தல் கட்டுரை இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது. அதற்கும் மாநாட்டுத் தேதி வேறு, இணையத்தில் ஏறிய தேதி வேறு. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து நீட்டினால், அதில் இருக்கும் பிந்தைய தேதி உங்களுக்கே எதிராகத் திரும்பும். அச்சான தொகுதி எந்த நூலகத்துக்கு, எந்த நாளில் வந்து சேர்ந்தது என்று தேடிப் போக வேண்டும்.

நூலகம்! பேட்டண்ட் வழக்குகளில் நூலகர்கள் எவ்வளவு முக்கியமான சாட்சிகள் என்று வெளியே யாருக்கும் தெரியாது. 1986-ல் அமெரிக்காவில் முடிவான ஹால் வழக்கைப் பாருங்க. ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் ஒரு முனைவர் பட்ட ஆய்வேடு. அட்டவணையில் ஏறியிருந்தது. ஆனால் அலமாரிக்கு வந்த சரியான நாள் எந்தக் குறிப்பிலும் இல்லை. நூலக அதிகாரி ஒருவர், "எங்கள் நடைமுறைப்படி இது 1977 டிசம்பர் வாக்கில் வாசகர் கைக்குக் கிடைத்திருக்கும்" என்று சத்தியப் பிரமாணம் கொடுத்தார். நீதிமன்றத்துக்கு அது போதுமானதாக இருந்தது. ஒரே ஒரு பிரதி, அதுவும் இன்னொரு நாட்டில். ஆனாலும் பேட்டண்ட் விண்ணப்பம் நிற்கவில்லை.

இதையே ரீட் கல்லூரி ஆய்வேடுகளோடு ஒப்பிடுங்க. 1989-ன் க்ரோனின் வழக்கு. அங்கேயும் ஆய்வேடுகள் இருந்தன, போய்ப் பார்க்கத் தடையும் இல்லை. ஆனால் அட்டைகளை மாணவர் பெயர் வரிசையில் அடுக்கி, ஒரு ஷூ பெட்டியில் வைத்திருந்தார்கள். தலைப்பு வாரியாக அட்டவணை இல்லை. அந்த மாணவர் பெயர் தெரியாத ஒருவர் அந்த விஷயத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வழியில்லை என்பதால் அது வெளியீடே அல்ல என்றது நீதிமன்றம். ஒரு ஷூ பெட்டி வழக்கின் முடிவைத் தீர்மானித்தது என்றால் சிரிப்பாகத்தான் இருக்கும். எனக்கு அதில் நியாயம் தெரிகிறது. தேடுகிறவர் கைக்கு எட்டாத அறிவை "உலகுக்குத் தெரிந்தது" என்று சொல்ல முடியாது, இல்லையா?

மறுபக்கம், 2004-ன் க்ளாப்ஃபென்ஸ்டீன் வழக்கு. 14 ஸ்லைடுகளை ஒரு பலகையில் ஒட்டி, தானிய வேதியியல் மாநாடு ஒன்றில் சுமார் இரண்டரை நாள் வைத்திருந்தார்கள். பிரதி கொடுக்கவில்லை, எந்த நூலகத்திலும் சேர்க்கவில்லை. ஆனால் துறைசார்ந்தவர்கள் நிதானமாக நின்று படிக்க முடிந்தது, குறிப்பெடுக்காதே என்று யாரும் தடுக்கவில்லை. அது வெளியீடுதான் என்றது நீதிமன்றம். கப்பல் மாநாடுகளில் போஸ்டர் வைக்கிற மாணவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

ஐரோப்பாவில் நிலைமை வேறு. அங்கே யாராவது ஒருவர், ரகசியக் கட்டுப்பாடு இல்லாமல் பார்க்க வாய்ப்பு இருந்தாலே பொதுவெளி. யாரும் உண்மையில் படித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் மேடையில் பேசியதை வைத்து வழக்காடினால் கடுமையாகப் பார்க்கிறார்கள். ஐரோப்பியப் பேட்டண்ட் அலுவலகத்தின் மேல்முறையீட்டுக் குழு டி 1212/97 என்ற முடிவில், பேசியவரே வந்து "நான் இதையெல்லாம் சொன்னேன்" என்றால் போதாது, கேட்டவர்கள் அப்போதே எடுத்த குறிப்புகள் வேண்டும் என்கிற பாணியில் சொல்லியிருக்கிறது. காரணம் எளிது. பேசியவருக்கு விஷயம் முழுக்கத் தெரியும். தான் நினைத்தது எது, வாயால் சொன்னது எது என்று பத்து வருஷம் கழித்து அவராலேயே பிரிக்க முடியாது.

இப்போது கோட் பற்றி. தானோட்டக் கப்பல் ஆராய்ச்சியில் கட்டுரையை விட அதிக விவரம் மென்பொருளில்தான் இருக்கும். அந்த 'பழைய பாதைக்குத் திரும்புதல்' துண்டு கட்டுரையில் இல்லாவிட்டாலும் கோடில் நாலு வரியாக இருக்கும். "கிட் ரெப்பாசிட்டரியில் தேதி இருக்கே சார்" என்பார்கள். கிட்டில் கமிட் தேதி என்பது எழுதியவருடைய கம்ப்யூட்டர் சொன்ன தேதி. யார் வேண்டுமானாலும் எந்தத் தேதியையும் போடலாம். அதைவிட, கமிட் செய்த நாளில் அந்தத் தொகுப்பு பூட்டி வைக்கப்பட்டிருந்ததா, திறந்திருந்ததா என்று அது சொல்லாது. நான் தேடுவது வேறு: வெளியாட்கள் டவுன்லோட் செய்து கேள்வி கேட்ட மெயிலிங் லிஸ்ட் கடிதங்கள், வேபேக் மெஷினில் பதிவான பக்கம், அந்தக் கோடைப் பயன்படுத்தியதாக வேறு பல்கலைக்கழகத்தார் எழுதிய கட்டுரை. சம்பந்தமில்லாத மூன்றாவது ஆள் சொல்லும் தேதிக்குத்தான் மதிப்பு. 1892-லேயே முள்கம்பி பேட்டண்ட் வழக்கில், "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்கிற வாய்மொழிச் சாட்சியங்களை அமெரிக்க உச்ச நீதிமன்றம் சந்தேகத்தோடுதான் பார்த்தது.

பேராசிரியரின் சொந்த இணையப் பக்கத்தில் இருந்தது என்பதும் தானாகவே போதாது. 2016-ன் ப்ளூ கலிப்ஸோ வழக்கில், ஒரு முதுநிலை மாணவரின் பக்கத்தில் கிடந்த அறிக்கையைத் தேடுபொறி காட்டியதாகவோ யாரும் எடுத்துப் படித்ததாகவோ ஆதாரம் இல்லை என்று தள்ளிவிட்டார்கள்.

எங்கே போய் வாதாடுகிறோம் என்பதும் முக்கியம். அமெரிக்காவில் 'ஐபிஆர்' என்ற மறுபரிசீலனையில் பேட்டண்டுகளையும் அச்சு வெளியீடுகளையும் மட்டுமே காட்ட முடியும். ஆற்றில் கயாக் ஓடியதை நூறு பேர் கரையில் நின்று பார்த்தார்கள் என்ற வாதம் அங்கே செல்லாது. நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். நீதிமன்றத்தில் நிரூபணத்தின் அளவுகோல் இன்னும் உயரம். தவிர, கரையில் நின்றவர் படகு திரும்பியதைப் பார்த்தார். எந்தக் கணக்கைப் போட்டுத் திரும்பியது என்று பார்க்கவில்லை.

இதனால் யாருக்கு நஷ்டம்? பெரிய கம்பெனிகள் ஒருவர் பேட்டண்டை இன்னொருவர் பயன்படுத்த ஒப்பந்தம் போட்டு சமாளித்துக்கொள்வார்கள். ஐந்து பேர் சேர்ந்து துறைமுகப் படகுக்குத் தானோட்டம் செய்கிற சின்னக் குழுவுக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தாலே முதலீடு நின்றுபோகும். அவர்கள் பயன்படுத்தியதோ, மக்கள் வரிப்பணத்தில் பல்கலைக்கழகம் இருபது வருஷம் முன்னாடி செய்து பொதுவில் வைத்த வேலை.

இந்தியாவைப் பற்றிக் கேட்டவருக்கு: நம் பேட்டண்ட் சட்டத்தின் 25(1) பிரிவுப்படி, பேட்டண்ட் தரப்படும் முன் யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு கொடுக்கலாம். மாணவரும் கொடுக்கலாம். நம் ஊர் ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா பெரிய களஞ்சியம். ஆனால் ஆய்வேட்டின் முகப்பில் உள்ள ஆண்டும் அங்கே ஏற்றப்பட்ட நாளும் ஒன்றல்ல. முந்தைய தேதி வேண்டுமென்றால் பல்கலைக்கழக நூலகத்தின் வரவுப் பதிவேட்டைத்தான் கேட்க வேண்டும்.

ஆய்வேட்டைக் கொடுக்கப்போகிற மாணவர்கள் நூலகத்தில் வாங்கும் ரசீதைப் பத்திரமாக வையுங்க. அட்டவணையில் உங்கள் பெயர் மட்டும் இருக்கிறதா, பொருள் தலைப்பும் ஏறியிருக்கிறதா என்று நின்று பார்த்துவிட்டு வாங்க. கோடைத் திறந்து வைக்கிற அன்றைக்கே அந்தப் பக்கத்தை வேபேக் மெஷினில் நீங்களே சேமிக்கலாம், காசு கேட்பதில்லை. அப்புறம், விலகின கப்பல் எப்படித் திரும்பி வரும் என்பதையும் ரெண்டு வரி எழுதிடுங்க.